வைஃபை அடிக்கடி கட் ஆகுதா? லினக்ஸ் லேப்டாப்பின் ‘லாக்’ வரிகளைப் படிப்பது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத, ஆனால் இன்னும் நல்லா ஓடிக்கொண்டிருக்கிற லேப்டாப்பை வைத்திருப்பவர்களுக்கு இருக்கும் வழிகளில் ஒன்று லினக்ஸ். உபுண்டு, மின்ட், ஃபெடோரா என ஏதாவது ஒன்றை இன்ஸ்டால் செய்வது இன்று பெரிய வேலை இல்லை. சிக்கல் வந்தால், அது பெரும்பாலும் வைஃபையில்தான் வருகிறது.

வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போது திரை உறைந்துபோகும். இன்டர்வியூ நடுவில் ‘ரீகனெக்டிங்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். என்னதான் ஆச்சு என்று லாக்கைத் திறந்து பார்த்தால், சிவப்பு எழுத்தில் வரிசையாக ‘எரர்’, ‘ஃபெயில்டு’. அதைப் பார்த்ததும் பயந்துபோய் ஓஎஸ்ஸையே அழித்துவிட்டு மறுபடி போடுபவர்கள் உண்டு. ‘கார்டு போயிடுச்சு’ என்று முடிவு செய்து, லேப்டாப்பை மாற்றுபவர்களும் உண்டு.

இரண்டுக்கும் அவசரம் தேவையில்லை. லினக்ஸின் வைஃபை லாக்கில் பயமுறுத்தும் வரிகளில் பல, எந்தப் பாதிப்பும் இல்லாதவை. உண்மையான காரணம் பெரும்பாலும் சிவப்பு நிறம்கூட இல்லாத ஒரு சாதாரண வரியில் இருக்கும். எது வெறும் சத்தம், எது நிஜமான தகவல் என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வைஃபைக்குப் பின்னால் நான்கு பேர்

வைஃபை வேலை செய்ய லேப்டாப்பில் நான்கு அடுக்குகள் ஒத்துழைக்க வேண்டும். லாக்கில் வரும் ஒவ்வொரு வரியும் இந்த நான்கில் ஒருவர் பேசுவதுதான்.

முதலாவது, கார்டு. இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், பிராட்காம், குவால்காம் ஆகிய நிறுவனங்களின் சிப்புகள்தான் பெரும்பாலான லேப்டாப்புகளில் இருக்கின்றன.

இரண்டாவது, ஃபர்ம்வேர். இது கார்டுக்கு உள்ளேயே ஓடும் ஒரு சின்ன மென்பொருள். பெரும்பாலான வைஃபை கார்டுகளில் இது நிரந்தரமாகப் பதிந்திருக்காது. ஒவ்வொரு முறை லேப்டாப்பை ஆன் செய்யும்போதும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்து கார்டுக்குள் ஏற்றப்படும்.

மூன்றாவது, டிரைவர். லினக்ஸின் மையமான கெர்னலும் கார்டும் பேசிக்கொள்ள உதவும் மொழிபெயர்ப்பாளர் இவர். இன்டெல் கார்டுகளுக்கு ‘ஐடபிள்யூஎல்-வைஃபை’, புதிய ரியல்டெக் கார்டுகளுக்கு ‘ஆர்டிடபிள்யூ88’, ‘ஆர்டிடபிள்யூ89’, மீடியாடெக்குக்கு ‘எம்டி76’ என்று தனித்தனி டிரைவர்கள் உண்டு.

நான்காவது, மேலே இருக்கும் மேலாளர்கள். எந்த நெட்வொர்க்கில் சேர்வது என்று முடிவு செய்வது ‘நெட்வொர்க் மேனேஜர்’. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பேச்சுவார்த்தையை நடத்துவது ‘டபிள்யூபிஏ சப்ளிகன்ட்’.

லாக் வரியின் தொடக்கத்திலேயே பேசுபவரின் பெயர் இருக்கும். ‘ஐடபிள்யூஎல்-வைஃபை’ என்று தொடங்கினால் டிரைவர் பேசுகிறது. ‘டபிள்யூஎல்ஏஎன்0’ அல்லது ‘டபிள்யூஎல்பி2எஸ்0’ என்று தொடங்கினால், அது வைஃபை இணைப்பின் பெயர். இரண்டாவது பெயரில் வரும் ‘பி2எஸ்0’ என்பது, கார்டு இரண்டாவது பஸ்ஸில், பூஜ்யம் எண் ஸ்லாட்டில் இருக்கிறது என்று சொல்லும் முகவரி மட்டுமே. புரியாத பெயராக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

லாக்கை எங்கே பார்ப்பது?

டெர்மினலைத் திறந்து, ஆங்கிலத்தில் டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்து எழுத்துகளை டைப் செய்தால் கெர்னலின் செய்திகள் கொட்டும். இதைப் பேச்சுவழக்கில் ‘டி-மெசேஜ்’ என்கிறார்கள். உபுண்டு, டெபியன் போன்றவற்றில் இதற்கு முன்னால் ‘சூடோ’ சேர்க்க வேண்டியிருக்கும். ஹைபன், பெரிய எழுத்து டி சேர்த்தால், ஒவ்வொரு வரிக்கும் நாளும் நேரமும் சேர்ந்து வரும். ‘10.42-க்குக் கட் ஆச்சு’ என்று தெரிந்தால், அந்த நேரத்து வரிகளை மட்டும் பார்த்தால் போதும்.

இன்னொரு கட்டளை, ‘ஜர்னல்’ என்ற சொல்லோடு சி-டி-எல் என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவது. இதன் பெரிய பலன், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்த பிறகும் பழைய லாக் கிடைப்பது. ‘ஹைபன் கே’ சேர்த்தால் கெர்னல் செய்திகள் மட்டும் வரும். ‘ஹைபன் பி’, இடைவெளி, ‘ஹைபன் 1’ என்று சேர்த்தால் முந்தைய முறை ஆன் செய்தபோது நடந்தது வரும். நெட்வொர்க் மேனேஜர் என்ன சொன்னது என்று மட்டும் பார்க்க, ‘ஹைபன் யு’ சேர்த்து அதன் பெயரைக் கொடுக்க வேண்டும்.

கெர்னல் தன் செய்திகளை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கிறது. 0 என்றால் அபாயம், 7 என்றால் டெவலப்பர்களுக்கான விவரம். 3 என்பது ‘எரர்’, 4 என்பது ‘வார்னிங்’. ஆனால், எந்த நிலை என்று முடிவு செய்வது டிரைவரை எழுதியவர். அவர் எரர் என்று குறித்தது எல்லாமே பயனருக்குப் பிரச்சினை என்று அர்த்தமில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

எந்த வரியைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். யார் சொன்னது? வைஃபை கட் ஆன அதே நேரத்தில் சொன்னதா? அதற்கு அடுத்த சில வரிகளில் என்ன நடந்தது? மூன்றாவது கேள்விதான் ரொம்ப முக்கியம்.

பயமுறுத்தும், ஆனால் ஒன்றும் செய்யாத வரிகள்

இன்டெல் கார்டு வைத்திருப்பவர்கள் அடிக்கடி பார்க்கும் வரி, ‘டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு வித் எரர் -2’. லினக்ஸில் எரர் -2 என்றால் ‘அந்தப் பெயரில் ஃபைல் இல்லை’ என்று பொருள், அவ்வளவுதான்.

இன்டெல் டிரைவர் ஃபர்ம்வேரைத் தேடும்போது, தனக்குத் தெரிந்த மிகப் புதிய பதிப்பில் தொடங்கும். அது இல்லையென்றால் ஒரு படி கீழே, அதுவும் இல்லையென்றால் இன்னொரு படி கீழே. ஒவ்வொரு படியிலும் ஒரு ‘ஃபெயில்டு’ வரி பதிவாகலாம். கடைசியில் ஒரு பதிப்பு கிடைத்ததும், ‘லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்’ என்று அமைதியாக ஒரு வரி வரும். அந்த வரி இருந்தால், மேலே இருக்கும் தோல்விகளைக் கண்டுகொள்ள வேண்டாம். கடையில் ஒரு பிராண்டு இல்லையென்றால் இன்னொன்றை வாங்கி வருவது மாதிரிதான் இது.

இதே ரகத்தில், பெயரில் ‘டீபக் யோ-யோ’ என்று வரும் ஒரு ஃபைல் இல்லை என்ற செய்தியும் வரும். அது இன்டெல் டெவலப்பர்கள் பிழை ஆராயப் பயன்படுத்தும் ஃபைல். சாதாரண லேப்டாப்பில் அது இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னும் சில:

‘லிங்க் இஸ் நாட் ரெடி’: வைஃபை இன்னும் எந்த நெட்வொர்க்கிலும் சேரவில்லை என்று அர்த்தம். ஆன் ஆகும்போது இது இயல்பு. சற்று நேரத்தில் ‘லிங்க் பிகம்ஸ் ரெடி’ என்று வந்துவிடும்.

‘ரெகுலேட்டரி டேட்டாபேஸுக்கான சான்றிதழ்களை லோடு செய்கிறேன்’ என்ற பொருளில் வரும் வரி: எந்த நாட்டில் எந்த அலைவரிசையைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியலைச் சரிபார்க்கும் வழக்கமான வேலை.

‘பை லோக்கல் சாய்ஸ், ரீசன் 3’: லேப்டாப் தானாகவே நெட்வொர்க்கை விட்டு விலகியது என்று பொருள். மூடி வைத்தாலோ, வைஃபையை ஆஃப் செய்தாலோ, வேறு நெட்வொர்க்குக்கு மாறினாலோ இது வரும்.

‘ஒரு ஏபி-யிலிருந்து விலகி இன்னொன்றில் சேர்கிறேன்’ என்ற பொருளில் வரும் வரி: ஒரே பெயரில் பல ஆக்சஸ் பாயின்ட்டுகள் இருக்கும் ஆபீஸில், ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் போனால் இது வருவது சகஜம். உட்கார்ந்த இடத்திலேயே நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் மட்டும் கவனிக்க வேண்டும்.

ஃபர்ம்வேர் உண்மையிலேயே இல்லாதபோது

‘ஃபெயில்டு’ வரிகளுக்குப் பிறகு ‘லோடட்’ வரி வரவே இல்லை, மாறாக ‘நோ சூட்டபிள் ஃபர்ம்வேர் ஃபவுண்ட்’ என்று வருகிறது என்றால், இது நிஜமான பிரச்சினை. வைஃபை மெனுவே காணாமல் போயிருக்கும்.

தீர்வு எளிது. ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ என்ற தொகுப்பை இன்ஸ்டால் செய்தாலோ அப்டேட் செய்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். வைஃபையே இல்லாமல் எப்படி டவுன்லோடு செய்வது? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்தால் போதும். பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகள் போனை உடனே நெட்வொர்க்காக அடையாளம் காணும்.

டெபியனில் இந்தச் சிக்கல் நீண்ட காலம் இருந்தது. மூல நிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரை அதன் அதிகாரபூர்வ இன்ஸ்டால் ஃபைலில் சேர்ப்பதில்லை என்பது அந்தத் திட்டத்தின் கொள்கை. 2022-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு அது மாறியது. 2023 ஜூன் மாதம் வெளியான டெபியன் 12 முதல், ஃபர்ம்வேர் சேர்த்தே வருகிறது. பழைய பென்டிரைவில் இருக்கும் டெபியன் 11-ஐப் போட்டுவிட்டு ‘வைஃபை வரலை’ என்று திணறுபவர்கள், புதியதைப் போட்டாலே போதும்.

கார்டு புதுசு, கெர்னல் பழசு

லாக்கில் வைஃபை பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால்? எந்த டிரைவரும் அந்தக் கார்டைச் சொந்தம் கொண்டாடவில்லை என்று அர்த்தம். எல்-எஸ்-பி-சி-ஐ என்று டைப் செய்து, ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற வரியில் கார்டின் மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும். ‘யு-நேம்’ என்று டைப் செய்து, இடைவெளி விட்டு ‘ஹைபன் ஆர்’ கொடுத்தால் கெர்னல் எண் தெரியும். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

சில உதாரணங்கள்: இன்டெல் ஏஎக்ஸ்200 கார்டுக்குக் கெர்னல் 5.1-ம், ஏஎக்ஸ்210-க்கு 5.10-ம், குறைந்தபட்சம் தேவை. மீடியாடெக் எம்டி7921-க்கு 5.12. பட்ஜெட் லேப்டாப்புகளில் அதிகம் காணப்படும் ரியல்டெக் 8821சிஇ-க்கு 5.9, 8852பிஇ-க்கு 6.2. இதைவிடப் பழைய கெர்னல் என்றால், எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் வைஃபை வராது. புதிய கெர்னலுக்கு மாறுவதுதான் வழி.

பழைய மேக்புக்குகள், சில டெல், ஹெச்பி லேப்டாப்புகளில் இருக்கும் பிராட்காம் கார்டுகள் தனி ரகம். அவற்றில் சிலவற்றுக்கு ‘பி43’ என்ற திறந்த மூல டிரைவர், சிலவற்றுக்கு ‘டபிள்யூஎல்’ என்ற நிறுவனத்தின் சொந்த டிரைவர். ‘பி43’ டிரைவர் ஃபர்ம்வேர் ஃபைல் இல்லை என்று புகார் சொன்னால், அதற்கென உள்ள இன்ஸ்டாலர் தொகுப்பைத் தனியாகப் போட வேண்டும். உபுண்டு, மின்ட் இரண்டிலும் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ அல்லது ‘டிரைவர் மேனேஜர்’ பகுதியிலேயே இந்த வேலையை முடித்துவிடலாம்.

எல்லாம் இருக்கு, வைஃபை மட்டும் ஆன் ஆகலை

கார்டும் தெரிகிறது, ஃபர்ம்வேரும் ஏறிவிட்டது, ஆனால் வைஃபை ஆன் ஆகவில்லை என்றால், ‘ஆர்-எஃப்-கில் லிஸ்ட்’ என்ற கட்டளை உதவும். அதில் இரண்டு வரிகள் இருக்கும்: ‘சாஃப்ட் பிளாக்டு’, ‘ஹார்டு பிளாக்டு’. சாஃப்ட் பிளாக் என்பது மென்பொருள் போட்ட பூட்டு. ‘ஆர்-எஃப்-கில் அன்பிளாக் வைஃபை’ என்று கொடுத்தால் திறந்துவிடும். ஹார்டு பிளாக் என்பது லேப்டாப்பின் பக்கவாட்டு சுவிட்ச் அல்லது விமானப் படம் போட்ட கீபோர்டு பட்டன் போட்ட பூட்டு. இதை எந்தக் கட்டளையாலும் திறக்க முடியாது. அந்த சுவிட்சையோ பட்டனையோதான் அழுத்த வேண்டும்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி உண்டு. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் விடப்பட்ட கார்டு, லினக்ஸ் வந்து எழுப்பும்போது பதில் சொல்லாமல் போகலாம். லாக்கில் எரர் -110 என்று வரும். ‘காத்திருந்தேன், பதில் வரவில்லை’ என்பதுதான் அந்த எண்ணின் பொருள். விண்டோஸுக்குள் போய் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு, முழுமையாக ஷட் டவுன் செய்து பார்க்க வேண்டும்.

‘விண்டோஸ்ல வேலை செய்யுது, லினக்ஸ்லதான் வரலை, அப்போ லினக்ஸ்தான் தப்பு’ என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

சேருது, கட் ஆகுது, மறுபடி சேருது: தப்பு யார் மேல?

அதிகமாக எரிச்சலூட்டும் ரகம் இதுதான். இங்கே சிவப்பு வரிகளைவிட, சாதாரண நிறத்தில் இருக்கும் ‘டி-ஆத்தென்டிகேட்டட்’ என்ற சொல்லைத் தேட வேண்டும். அதற்குப் பக்கத்தில் ‘ரீசன்’ என்று ஓர் எண் இருக்கும். வைஃபை தரநிலையிலேயே ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு.

முதலில், ‘பை லோக்கல் சாய்ஸ்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் விலகியது லேப்டாப். அவை இல்லாமல், இன்னாரால் டி-ஆத்தென்டிகேட் செய்யப்பட்டது என்ற பொருளில் மட்டும் இருந்தால், வெளியே தள்ளியது ரவுட்டர். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல், ரவுட்டர் செய்த தவறுக்கு லேப்டாப்பில் டிரைவரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

ரீசன் 15: பாஸ்வேர்டு பேச்சுவார்த்தை பாதியில் நின்றுவிட்டது. பெரும்பாலும் பாஸ்வேர்டு தவறு. அதே நேரத்தில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட், ‘கீ தவறாக இருக்கலாம்’ என்றும் சொல்லியிருந்தால் சந்தேகமே வேண்டாம். யாராவது ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், லேப்டாப்பில் பழையது சேமிக்கப்பட்டிருக்கும். அந்த நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ செய்து புதிதாகச் சேர வேண்டும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் வந்தால், சிக்னல் பலவீனமா என்று பார்க்க வேண்டும்.

ரீசன் 4: ரொம்ப நேரமாக எந்த அசைவும் இல்லை என்று ரவுட்டர் வெளியேற்றியது. லேப்டாப்பின் மின்சேமிப்பு வசதி காரணமாக இருக்கலாம்.

ரீசன் 5: ரவுட்டரால் இதற்குமேல் ஆட்களைத் தாங்க முடியவில்லை. ஹாஸ்டல், பிஜி வைஃபையில் இது வந்தால் ஆச்சரியமில்லை.

ரீசன் 6 அல்லது 7: லேப்டாப் ‘நான் உள்ளேதான் இருக்கேன்’ என்று நினைக்கிறது, ரவுட்டருக்கோ அதை ஞாபகமே இல்லை. ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனபோது இப்படி நடக்கலாம்.

எண்ணே இல்லாமல், ‘கனெக்‌ஷன் டு ஏபி லாஸ்ட்’ அல்லது ‘மிஸ்டு பீக்கன்ஸ்’ என்று வந்தால், ரவுட்டரின் குரலே லேப்டாப்புக்குக் கேட்கவில்லை என்று பொருள். கரன்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆவதும் உண்டு. லாக்கில் இருக்கும் நேரத்தையும் கரன்ட் போன நேரத்தையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். கரன்ட் போகாதபோதும் வருகிறது என்றால், தூரம், இடையில் இருக்கும் கான்கிரீட் சுவர், பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் நெரிசல் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

இதை உறுதி செய்ய ஓர் எளிய சோதனை உண்டு: போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை ஒரு மணி நேரம் இணைத்து வைத்துப் பாருங்கள். அதில் கட் ஆகவில்லை என்றால் சந்தேகம் ரவுட்டர் பக்கம். அதிலும் கட் ஆனால் லேப்டாப் பக்கம். செலவில்லாத, பெரும்பாலும் கைகொடுக்கும் சோதனை இது.

கட் ஆகலை, ஆனா வேகம் இல்லை

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருந்தும், லேப்டாப்பில் வைஃபை இணைப்பு வேகமே 54-ஐத் தாண்டவில்லையா? லாக்கில் ‘டிஸேபிளிங் ஹெச்டி’ என்ற வரியைத் தேடுங்கள். அதில் ‘டபிள்யூஇபி’ அல்லது ‘டிகேஐபி’ என்றும் இருந்தால், ரவுட்டர் காலாவதியான பாதுகாப்பு முறையில் செட் செய்யப்பட்டிருக்கிறது. அந்தப் பழைய முறைகளோடு புதிய வேகங்களைப் பயன்படுத்த வைஃபை தரநிலை அனுமதிப்பதில்லை. ரவுட்டர் அமைப்பில் ‘டபிள்யூபிஏ2’, ‘ஏஇஎஸ்’ என்று மாற்றினால் வேகமும் கூடும், பாதுகாப்பும் கூடும். லேப்டாப்பில் எதையும் தொட வேண்டாம்.

இன்னொன்று, நாட்டின் குறியீடு. ‘ஐ-டபிள்யூ ரெக் கெட்’ என்று கொடுத்தால், லேப்டாப் எந்த நாட்டு விதியைப் பின்பற்றுகிறது என்று தெரியும். இரண்டு பூஜ்யம் என்று இருந்தால், ‘எந்த நாடு என்று தெரியாது’ என்று பொருள். அப்போது பாதுகாப்புக்காகச் சில சேனல்களில் லேப்டாப் தானாகப் பேச முன்வராது. போனில் தெரியும் 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை என்றால், இது ஒரு காரணமாக இருக்கலாம். ‘ரெகுலேட்டரி டிபி லோடு ஆகவில்லை’ என்று லாக் சொன்னால், ‘வயர்லெஸ்-ரெக்டிபி’ என்ற தொகுப்பை இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

ஃபர்ம்வேரே விழுந்துவிட்டால்

இன்டெல் கார்டில் ‘மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர் டிடெக்டட், ரீஸ்டார்ட்டிங்’ என்ற வரி வந்து, அதைத் தொடர்ந்து புரியாத எண்கள் பல வரிகளுக்கு ஓடும். கார்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் கிராஷ் ஆகி, டிரைவர் அதை மறுபடி எழுப்புகிறது என்பதே இதன் பொருள். எப்போதாவது ஒருமுறை நடந்தால் பயனருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஒரு நாளைக்குப் பல முறை வந்தால், முதலில் ஃபர்ம்வேர் தொகுப்பையும் கெர்னலையும் அப்டேட் செய்ய வேண்டும். அப்டேட் செய்த பிறகுதான் இது தொடங்கியது என்றால், பழைய கெர்னலில் பூட் செய்து பார்க்க வேண்டும்.

ரியல்டெக் கார்டுகளில், ‘எல்பிஎஸ் நிலையிலிருந்து வெளியே வர முடியவில்லை’ என்ற பொருளில் வரி வந்தால், அது மின்சேமிப்பு தொடர்பானது. எல்பிஎஸ் என்பது பேட்டரியை மிச்சப்படுத்தக் கார்டு குட்டித் தூக்கம் போடும் நிலை. தூங்கிய கார்டு எழுந்திருக்கத் தடுமாறுகிறது. மின்சேமிப்பைத் தற்காலிகமாக அணைத்து, ஒரு நாள் பார்க்கலாம். பிரச்சினை போய்விட்டால், நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் ‘வைஃபை பவர்சேவ்’ மதிப்பை 2 என்று வைத்தால் நிரந்தரமாக அணைந்துவிடும். உபுண்டுவில் வழக்கமாக இது 3, அதாவது ஆன். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நேற்று வரை நல்லா இருந்தது, அப்டேட்டுக்கு அப்புறம் போச்சு

கெர்னலுடன் வராத டிரைவரை யாரோ சொன்னதைக் கேட்டு வெளியிலிருந்து எடுத்துப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அப்படிப்பட்ட டிரைவரை ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுபடி கட்டமைக்க வேண்டும். அந்த வேலை தோற்றுப்போனால் வைஃபையும் போய்விடும். ‘செக்யூர் பூட்’ ஆனில் இருந்தால், ‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்ற செய்தியோடு கெர்னல் அந்த டிரைவரை உள்ளேயே விடாது. கையெழுத்து இல்லாத டிரைவரை மறுப்பது அதன் கடமை. ஆகவே, இதைப் பழுது என்று சொல்ல முடியாது.

உடனடி நிவாரணமாக, லேப்டாப் ஆன் ஆகும்போது வரும் ‘கிரப்’ மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். காலையில் இன்டர்வியூ இருக்கிறவர்கள் இதைச் செய்துவிட்டு, மற்றதை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். நீண்ட காலத் தீர்வு, புதிய கெர்னலிலேயே அந்தக் கார்டுக்கு டிரைவர் வந்துவிட்டதா என்று பார்த்து, வெளியிலிருந்து போட்டதை நீக்குவது.

உதவி கேட்கும் முன்

யாரிடமாவது உதவி கேட்பது என்றால் நான்கு விவரங்கள் தேவை: கார்டின் மாடல், கெர்னல் எண், லினக்ஸ் பதிப்பு, கட் ஆன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும் உள்ள லாக் வரிகள். ‘வைஃபை வேலை செய்யலை’ என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. சிவப்பு வரியை மட்டும் வெட்டி அனுப்புவதும் பயனில்லை, அடுத்த வரி இல்லாமல் அது அரைகுறைச் செய்தி.

லாக்கை அப்படியே பொதுவெளியில் போடவும் கூடாது. அதில் இரண்டு இரண்டு எழுத்துகளாக ஆறு தொகுதிகளில் வரும் ‘மேக்’ முகவரி, ரவுட்டரின் அடையாளம். வைஃபை பெயரும் இருக்கலாம். இவற்றை வைத்து இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் சேவைகள் உண்டு. எனவே அழித்துவிட்டு அனுப்ப வேண்டும்.

‘இந்தக் கட்டளையை சூடோவோடு போடுங்க, சரியாயிடும்’ என்று யாராவது சொன்னால், அது என்ன செய்யும் என்று புரியாமல் போடக் கூடாது. சூடோ என்பது வீட்டுச் சாவியை முழுசாகக் கொடுப்பதற்குச் சமம். ஒரே நேரத்தில் ஐந்து தீர்வுகளைப் போட்டால், எது சரி செய்தது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போய்விடும். ஒன்றைச் செய்து, ரீஸ்டார்ட் செய்து, லாக்கைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

கார்டை எப்போது மாற்றலாம்?

வேறு லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்தாலும், விண்டோஸிலும், போன் ஹாட்ஸ்பாட்டிலும் ஒரே பிரச்சினை என்றால் கார்டைச் சந்தேகிக்கலாம். பல லேப்டாப்புகளில் வைஃபை கார்டு தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய சின்ன அட்டைதான். ஆனால் வாங்கும் முன் ஒரு விஷயம்: இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 கார்டுகள் அதற்கென வடிவமைக்கப்பட்ட இன்டெல் பிராசஸர் லேப்டாப்புகளில் மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி லேப்டாப் அல்லது பழைய லேப்டாப் என்றால் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 போன்றவற்றைப் பார்க்க வேண்டும். சில பழைய லேப்டாப்புகள், நிறுவனம் அங்கீகரித்த கார்டுகளைத் தவிர மற்றவற்றை பயாஸ் நிலையிலேயே மறுத்துவிடும். சில மெல்லிய லேப்டாப்புகளில் கார்டு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்படியென்றால் லினக்ஸ் ஆதரவு உள்ள யுஎஸ்பி வைஃபை அடாப்டர்தான் வழி.

இந்த நிலைக்குப் போக வேண்டியவர்கள் குறைவு. மற்றவர்களுக்கு லாக்கிலேயே பதில் எழுதியிருக்கும்: பழைய பாஸ்வேர்டு, அணைந்துபோன ரவுட்டர், ஏறாத ஒரு ஃபைல், தூங்கிப்போன ஒரு கார்டு. ஓஎஸ்ஸை அழிக்கும் முன் அந்தப் பத்து வரிகளைப் படித்துவிடுவது, நேரத்தையும் மிச்சப்படுத்தும், சில சமயம் ஒரு லேப்டாப்பின் விலையையும் மிச்சப்படுத்தும்.